ஓச்சோலாவின் கோட்டு

புருஷன் வசோங்கா செத்த பிறகு ரிஸ்பாவின் கூரையை ஊரில் எவனும் தொடவில்லை. தொட்டால் அவளைக் கட்டிக்கொண்டான் என்று அர்த்தம். கூரை உச்சியில் நட்டிருந்த கம்பை, வசோங்காவைப் புதைத்த கையோடு பங்காளிகள் பிடுங்கி எறிந்துவிட்டார்கள். அந்தக் கம்பு நின்றால் வீட்டில் ஆண் இருக்கிறான் என்று பொருள். மறுபடி நட வேண்டுமானால் செத்தவனின் தம்பியோ பங்காளியோ அந்த வீட்டில் ஒரு ராத்திரி தங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கூரைக்குப் புல், சுவருக்கு மண், மற்றதெல்லாம்.

தம்பி ஓச்சோலா தயாராகத்தான் இருந்தான். ஏற்கெனவே இரண்டு பெண்டாட்டிக்காரன். அண்ணியையும், அண்ணியோடு சேர்த்து அண்ணன் விட்டுப்போன ஏரிக்கரை நிலத்தையும் வைத்துக்கொள்வதில் அவனுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. முதல் வருஷம் அடிக்கடி வந்து கதவைத் தட்டினான். ரிஸ்பா திறக்கவில்லை. கதவுக்குப் பின்னால் போட அவளிடம் ஒரு குறுக்குக் கட்டை இருந்தது. வசோங்கா படகு கட்டியபோது மிஞ்சிய மரம், யானை முட்டினாலும் அசையாது. "நான் ஞானஸ்நானம் எடுத்தவ. எனக்கு ஒரு புருஷன் போதும்," என்று கட்டைக்கு இந்தப் பக்கம் நின்றே சொன்னாள். ஓச்சோலா சத்தம் போடுகிற ஆள் இல்லை. "சரி அண்ணி, மழை வரட்டும்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

மழை வந்தது. நாலு வருஷம் வந்தது. கூரையில் பாதி உட்கார்ந்துவிட்டது. இனி பிள்ளையை அதன் கீழே படுக்க வைக்க முடியாது என்று தெரிந்த அன்று, மகள் அகேயோவைக் கிசுமு டவுனில் தங்கச்சி வீட்டில் கொண்டுபோய் விட்டாள் ரிஸ்பா. பேச்சுக்குப் பள்ளிக்கூடம். தங்கச்சி பிள்ளைகளின் துணியைத் துவைத்து, பாத்திரம் கழுவி, அதற்கு மேல் பொழுது மிஞ்சினால் பள்ளிக்கூடம். பார்க்கப் போகும்போதெல்லாம் அகேயோ கேட்பது ஒன்றுதான். "கூரை போட்டாச்சாம்மா?" "போட்டுடலாம்டி," என்பாள் ரிஸ்பா. சொல்லிச் சொல்லி அவளுக்கே அந்த வார்த்தை வெட்கமாகிவிட்டது.

அந்த நிலைமையில்தான் சபையின் வாலிபர் சங்கம் அவளைத் தேர்ந்தெடுத்தது. ஈஸ்டருக்கு முந்தின வாரங்களில் சங்கத்துப் பிள்ளைகள் வருஷா வருஷம் அன்பின் கிரியை ஒன்று செய்வார்கள். ஒரு வருஷம் கிணறு தூர்வாரினார்கள், ஒரு வருஷம் ஆஸ்பத்திரிக்கு வெள்ளையடித்தார்கள். இந்த வருஷம் விதவைக்கு வீடு. செய்தி சொல்ல வந்தவள் சங்கத்தின் செயலாளர் மில்கா. நல்ல பெண். சிரித்தால் எதிரே இருப்பவரும் சிரித்தே ஆக வேண்டும், அப்படி ஒரு முகம்.

"சித்தி, உங்க வீடுதான் இந்தத் தடவை! தகரக் கூரை, பூட்டு வச்ச கதவு. ஒரே நாள்ல முடிச்சிருவோம் பாருங்க."

ரிஸ்பா சந்தோஷப்படுவதற்கு முன்னால் கேட்க வேண்டியதைக் கேட்டாள். "என் வீட்டு விஷயம் தெரியுமில்ல? முதல் ஆணியை யார் அடிக்கப்போறா?"

"ஐயோ சித்தி, நீங்களுமா? அதெல்லாம் பழைய கதை. நாம கிறிஸ்துவோட பிள்ளைங்க."

"நான் நம்பறேன்னு சொல்லலடி. உங்க அம்மாமாரெல்லாம் நம்பறாங்களான்னு கேக்கறேன்."

மில்கா விழுந்து விழுந்து சிரித்தாள். ரிஸ்பாவும் சிரித்தாள். அன்று சாயங்காலமே தங்கச்சிக்கு ஆள் மூலம் சொல்லியனுப்பினாள், ஈஸ்டர் லீவுக்கு அகேயோவை அனுப்பு, இனிமேல் இங்கேதான் இருப்பாள் என்று.

சனிக்கிழமை காலையில் மஞ்சள் சட்டை போட்ட கூட்டம் பாடிக்கொண்டே முற்றத்துக்குள் வந்தது. லாரியில் தகரம் வந்தது, புது மரச் சட்டங்கள் வந்தன. தலைவன் யோதாம், உபதேசியாரின் மகன், வாத்தியார் படிப்பு படிக்கிறவன், ஒரு ஜெபம் செய்தான். ஜெபம் முடிந்ததும் பையன்கள் கூரை மேல் பாய்ந்தார்கள். இளவட்டங்களுக்குக் கட்டுவதைவிடப் பிரிப்பதில் எப்போதும் உற்சாகம் அதிகம். வெயில் ஏறுவதற்குள் நாலு மண்சுவர் மட்டும் மிச்சம். மட்கிய புல்லையும் உத்தரங்களையும் குவித்து, பெண்பிள்ளைகள் அதிலேயே அடுப்பு மூட்டி டீ கொதிக்க வைத்தார்கள், பெரிய பானையில் சோளமும் பீன்ஸும் வேகப் போட்டார்கள்.

தண்ணீர் தூக்கி வந்த ரிஸ்பா அடுப்புக்குள் தன் கதவின் குறுக்குக் கட்டையைப் பார்த்தாள். ஒரு முனை பிடித்து எரிந்துகொண்டிருந்தது.

"ஏம்மா, அந்தக் கட்டை எனக்கு வேணுமே!"

"புதுக் கதவுக்குப் பூட்டே இருக்கு சித்தி. இந்தக் கரிக்கட்டையை வச்சு என்ன பண்ணப்போறீங்க?" என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். வீடு கட்டித் தர வந்த பிள்ளைகளிடம் ஒரு விறகுக்கு மல்லுக்கட்ட ரிஸ்பாவுக்குக் கூச்சமாக இருந்தது. விட்டுவிட்டாள்.

யோதாம் சுத்தியலோடு சுவர் மேல் ஏறி முதல் சட்டத்தை வைத்துப் பிடித்த நேரத்தில், ஓச்சோலா தன் முக்காலியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தான். அந்த வெயிலிலும் பழுப்புக் கம்பளிக் கோட்டு. மாமரத்தடியில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, நெற்றிக்குக் கை கொடுத்து மேலே பார்த்தான்.

"யாரு மேல? உபதேசியார் மகனா? ரொம்ப சந்தோஷம் தம்பி. அடி, அடி. உங்கம்மாகிட்ட போய் மருமக வந்தாச்சுன்னு நான் சொல்லணும்."

பையன்கள் கொல்லென்று சிரித்தார்கள். யோதாமும் சிரிக்கப் பார்த்தான். "சித்தப்பா, நாங்க இதுக்கெல்லாம் பயப்படறவங்க இல்ல."

"பயப்படச் சொன்னது யாருப்பா? ஆணி அடின்னுதானே சொல்றேன். மருமக மாமியாரைவிட ரெண்டு வயசு இளையவ, அதுக்கென்ன, நல்லா சமைப்பா." ஓச்சோலா கோட்டில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டான். "ஆகஸ்ட்ல உனக்குக் கல்யாணமாமே? அந்தப் பொண்ணு ரெண்டாந்தாரமாத்தான் இனி வரணும். அவங்க வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு அடிச்சிரு."

யோதாம் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று இறங்கினான். குடித்துவிட்டு ஏறவில்லை. சுத்தியலைப் பக்கத்தில் நின்றவனிடம் கொடுத்தான். அவன் அடுத்தவனிடம் கொடுத்தான். ஒருவனுக்கு முதுகுப் பிடிப்பு. ஒருவனுக்கு அம்மாவைக் கேட்க வேண்டுமாம். ஒருவன் தனக்கு உயரம் ஒத்துக்கொள்ளாது என்றான், போன வாரம்தான் கோயில் கோபுரத்தில் ஏறி விளக்கு மாட்டியவன். சுத்தியல் கை மாறி மாறி முற்றத்தைச் சுற்றிவந்து கடைசியில் தரையில் கிடந்தது.

ரிஸ்பா அதை எடுத்தாள். "ஏணியைப் பிடிங்க. என் வீடு, நானே அடிச்சுக்கறேன்."

"அடிக்கட்டும், அடிக்கட்டும்," என்றான் ஓச்சோலா. "புருஷன் கட்டின வீட்டு மேல ஏறி நின்ன பொம்பளையோட பொண்ணை நாளைக்கு எவன் கட்டுவான்னு பாப்போம்."

மில்கா ஓடிவந்து சுத்தியலைப் பிடுங்கிக்கொண்டாள். "வேணாம் சித்தி! சாபத்தை நீங்களே தலையில இழுத்து விட்டுக்காதீங்க!" பழைய கதை என்று சொன்ன அதே வாய்தான். அதை அவள் கவனித்ததாகவே தெரியவில்லை.

பிறகு ஜெபித்தார்கள். இந்த முறை நீளமான ஜெபம். கண்ணைத் திறந்தபோது ஏரிப் பக்கம் மேகம் கறுத்து நின்றது. பானையில் சோளமும் பீன்ஸும் வெந்திருந்தன, சாப்பிட்டார்கள். தகரத்தை மறுபடி லாரியில் ஏற்றினார்கள். "இங்க இருந்தா திருட்டுப் போயிரும் சித்தி, கோயில்ல பத்திரமா இருக்கும்," என்றான் யோதாம். போகும்போது பாடவில்லை, அந்த மட்டும் நாகரிகம் இருந்தது. மழை வந்தபோது ரிஸ்பா நாலு சுவருக்கு நடுவில் மெத்தையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஊரில் எந்த வீட்டிலும் அவள் ஒதுங்க முடியாது. பங்காளி வந்து தங்கி முறை கழியாத விதவை அடுத்த வீட்டு வாசற்படி மிதித்தால் அந்த வீட்டுக்கு ஆகாது என்பார்கள். ஆட்டுக் கொட்டிலில் ஆடுகளோடு படுத்தாள். சுவர்கள் கரைய ஆரம்பித்தன. ஓட்டைக் கூரையானாலும் அது இருந்தவரை சுவர் நின்றது. இப்போது வடக்குச் சுவர் கஞ்சியாக வழிந்து ஒரு மத்தியானம் அப்படியே உட்கார்ந்தது. போதகரைப் பார்க்கப் போனாள். போதகர் பேராயக் கூட்டத்துக்குப் போயிருந்தார்.

அடுத்த வாரம் மில்காவும் யோதாமும் வந்தார்கள். கையில் ரொட்டியும் சர்க்கரையும், முகத்தில் நல்ல செய்தி.

"பிரச்சனை தீர்ந்துச்சு சித்தி," என்றான் யோதாம். "ஓச்சோலா சித்தப்பாகிட்ட உக்காந்து பேசினோம். நாம நினைக்கற மாதிரி இல்ல, நியாயமான மனுஷன். அவர் வர வேண்டியதில்ல. அவரோட கோட்டு வந்தாப் போதும்."

"கோட்டா?"

"ஒரு ராத்திரி உங்க வீட்டுல தொங்கணும், அவ்வளவுதான். முறை கழிஞ்சதா ஊர் ஒத்துக்கும். முதல் ஆணியை அவர் அடிப்பார். மிச்சம் எங்க வேலை."

மில்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வெறும் துணி சித்தி. அதுக்கு மூச்சா இருக்கு?"

"போதகருக்குத் தெரியுமா?"

யோதாம் மில்காவைப் பார்த்தான். "தன் காதுக்கு வராத விஷயத்தைப் பத்தித் தான் பிரசங்கம் பண்ண வேண்டியதில்லைன்னு சொல்லிட்டார்."

ரிஸ்பா முடியாது என்றாள். நாலு வருஷம் மழையில் கிடந்தது இதற்கா என்றாள். மில்காவின் முகம் முதன்முறையாகச் சுருங்கியது.

"சித்தி, வீடு முடிஞ்சுதுன்னு பேராயத்துக்கு எழுதியாச்சு. ஞாயித்துக்கிழமை பிரதிஷ்டைக்கு விருந்தாளிங்க வராங்க. முப்பது பேர் உங்களுக்காக வேலையை விட்டுட்டு வந்தோம். உங்க பிடிவாதத்தால எல்லார் பேரும் கெடுது. இதுல அகேயோவையும் நினைச்சுப் பாக்க மாட்டேங்கறீங்க."

அகேயோ என்ற பேரை எடுத்ததும் ரிஸ்பா விரல்விட்டு நாளை எண்ணினாள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளை வந்து இறங்கும். வந்து எங்கே படுக்கும், ஆட்டுக் கொட்டிலிலா? கடைசியில் ஒரே ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டாள். விருந்தாளிகள் வருவதற்கு முன்னால் கோட்டு வீட்டை விட்டுப் போக வேண்டும்.

"நானே மடிச்சு எடுத்துட்டுப் போறேன்," என்றாள் மில்கா. சத்தியமே செய்தாள். அந்த நேரத்தில் அது பொய் இல்லை.

வெள்ளிக்கிழமை பொழுது சாய ஓச்சோலா கோட்டைக் கழற்றி, இடியாத சுவரில் ஒரு ஆணியில் மாட்டினான். "வரேன் அண்ணி," என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனான். விடியும்வரை ரிஸ்பா அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நனைந்த கம்பளியும் பழைய புகையிலையும் சேர்ந்து வீசின.

சனிக்கிழமை அவன் முதல் ஆணியை அடித்தான். அடித்த கையோடு மஞ்சள் சட்டைகள் கூரை மேல் ஏறின. இப்போது யாருக்கும் முதுகுப் பிடிப்பு இல்லை. பாட்டும் திரும்பி வந்தது. விழுந்த சுவரை எழுப்பினார்கள், சட்டம் அடித்தார்கள், தகரம் பரப்பினார்கள், நீலக் கதவை மாட்டினார்கள். உண்மையாகவே உழைத்தார்கள், அதைக் குறை சொல்ல முடியாது. எல்லாம் முடிந்து எல்லாரும் கைகழுவப் போன சமயத்தில் ஓச்சோலா ஏணியில் ஏறி, கூரை உச்சியில் ஒரு கம்பை நட்டு, கம்பின் நுனியில் ஒரு காலிப் பாட்டிலைக் கவிழ்த்தான்.

"மில்கா, அங்க பாரு!" என்று கத்தினாள் ரிஸ்பா.

மில்கா பார்த்தாள். அவளும் இந்த ஊர்ப் பெண்தான். அது என்னவென்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. "அழகுக்கு வச்சிருப்பார் சித்தி," என்று சொல்லிவிட்டுக் குனிந்து சிந்திய ஆணிகளைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

ஞாயிறு பிரதிஷ்டை தடபுடலாக நடந்தது. அகேயோ காலையிலேயே தகரப்பெட்டியோடு வந்துவிட்டாள். துணி துவைத்துத் துவைத்துக் கையெல்லாம் வெடித்திருந்தது. புது வீட்டுக்குள் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்துச் சுற்றிச் சுற்றி வந்தாள். "மழை வரணும்மா. தகரத்துல எப்படிச் சத்தம் கேக்கும்னு பாக்கணும்." ரிஸ்பா அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். அந்த ஒரு நிமிஷம் அவளுக்கு எல்லாம் சரியாகத்தான் தோன்றியது.

கோட்டு மட்டும் ஆணியிலேயே இருந்தது. விருந்தாளிகள் வாசலில் வந்துவிட்டார்கள். "இப்போ கழட்டினா ஏன் எதுக்குன்னு கேப்பாங்க சித்தி, சாயங்காலம்," என்று மில்கா காதில் சொன்னாள். யோதாம் பேசினான். அன்பு எந்த மலையையும் பெயர்க்கும் என்றான். பேசி முடித்து இரண்டு சாவிகளைத் தூக்கிக் காட்டினான். "ஒரு சாவி நம்ம ரிஸ்பா சித்திக்கு. இன்னொண்ணு, இந்த வேலைக்கு முதல் தோள் குடுத்த ஓச்சோலா சித்தப்பாவுக்கு!" கூட்டம் கைதட்டியது. ரிஸ்பா வாயைத் திறந்தாள். மில்கா அவள் முழங்கையை அழுத்தினாள். "முழங்கால் போட்டு நன்றி சொல்லுங்க சித்தி, ஃபோட்டோ எடுக்கறாங்க." ரிஸ்பா முழங்கால் போட்டாள். படத்தில் அவளுக்குப் பின்னால் நின்றது ஓச்சோலா.

விருந்தாளிகள் போதகர் வீட்டுக்குச் சாப்பிடப் போனார்கள். ரிஸ்பா கதவைச் சாத்திப் பூட்டினாள். பழக்கத்தில் குறுக்குக் கட்டைக்காகக் கையை நீட்டினாள். அது அன்றைக்கே அடுப்பில் சாம்பலாகியிருந்தது. அடுப்பில் களிக்கு உலை வைத்து, அகேயோவின் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தபோது வெளியே சாவி திரும்பும் சத்தம் கேட்டது.

ஓச்சோலா உள்ளே வந்து வசோங்காவின் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"கோட்டு எடுக்க வந்தீங்களா?" என்றாள் ரிஸ்பா.

"எதுக்கு எடுக்கணும்? அது அதோட வீட்டுலதானே இருக்கு." செருப்பைக் கழற்றினான். "அடியே, களி ஆச்சா?"

இருபது வருஷமாக அண்ணி என்று கூப்பிட்டவன். அந்தச் சொல் போய்விட்டது. ஓச்சோலா அகேயோவைப் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்தி, மாட்டுச் சந்தையில் நிற்கிறவன் பார்ப்பது போலப் பார்த்தான்.

"புள்ள வளந்துட்டாளே. நல்ல எலும்பு. ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு மீன் வியாபாரி சொல்லி வச்சிருக்கான், கிழவன்தான், ஆனா மாடு நிறைய குடுப்பான். அப்பன் ஸ்தானத்துல நான் இருக்கேன், நீ கவலைப்படாத."

ரிஸ்பா பெட்டியை மூடினாள். பக்கத்து வீட்டில் உப்பு வாங்கி வருவதாகச் சொல்லி, ஒரு கையில் பெட்டி ஒரு கையில் பிள்ளையோடு கோயிலுக்கு ஓடினாள். பெட்டி எதற்கு என்று ஓச்சோலா கேட்கவில்லை. அவசரப்பட அவனுக்கு இனி ஒன்றும் இல்லை.

கோயில் வளவில் வாலிபர் சங்கம் மிச்ச மரத்தை அடுக்கிக்கொண்டிருந்தது.

"வெறும் துணின்னு சொன்னியே மில்கா. வீட்டுக்குள்ள வந்து உக்காந்துட்டான்."

மில்காவின் கண் நிஜமாகவே கலங்கியது. "மெதுவா சித்தி. விருந்தாளிங்க இன்னும் சாப்பிட்டுட்டு இருக்காங்க."

"ஆளை வெளிய அனுப்புங்க. இல்லேன்னா பூட்டையாவது மாத்துங்க."

யோதாம் தலையைச் சொறிந்தான். "புருஷன் பொண்டாட்டி விஷயத்துல சங்கம் எப்படிச் சித்தி தலையிடும்?"

"யாருடா புருஷன்?"

"ஊர் ஒத்துக்கிச்சே. நீங்களும் ஒத்துக்கிட்டீங்க. அவர் என்ன குடிகாரரா? தனியா கிடக்கறதுக்கு ஒரு துணை..." மீதியை அவன் விழுங்கினான். "இவ்வளவு செஞ்சோம் சித்தி. எங்களைத் தலைகுனிய வைக்காதீங்க."

ரிஸ்பா அடுக்கியிருந்த மரத்தைப் பார்த்தாள். "அதுல ஒரு கட்டை குடுங்க. கதவுக்குக் குறுக்க போட்டுக்கறேன். ஒண்ணே ஒண்ணு."

"மிச்சமெல்லாம் அடுத்த வருஷத்து விதவைக்கு எடுத்து வச்சிருக்கு சித்தி," என்றாள் மில்கா. அழுதுகொண்டேதான் சொன்னாள். "நான் உங்களுக்காக ஜெபம் பண்றேன்."

கிசுமுவுக்குக் கடைசி வேன் முச்சந்தியில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. ரிஸ்பா அகேயோவை ஜன்னலோரம் உட்கார வைத்துப் பெட்டியை மடியில் வைத்தாள். அவளும் ஏறிக்கொண்டிருக்கலாம். ஏறினால் ஏரிக்கரை நிலம் அன்றோடு போயிற்று, அதற்கப்புறம் பிள்ளைக்குத் திரும்பி வர இந்த உலகத்தில் ஒரு அடி மண் கிடையாது.

"நான் ஏம்மா போகணும்?" அகேயோ வெடித்த கைகளால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "கூரைதான் போட்டாச்சே!"

"போட்டாச்சுடி," என்றாள் ரிஸ்பா. "அதனாலதான்."

வேன் போயிற்று. கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. ரிஸ்பா எங்கும் ஒதுங்காமல் நடந்தாள். வளைவு திரும்புவதற்கு முன்பே தன் வீட்டுத் தகரத்தில் மழை விழுவது அவளுக்குக் கேட்டது. பிள்ளை கேட்க ஆசைப்பட்டது இதைத்தான். நல்ல சத்தம்.